அந்தக் கூரை யார் பொறுப்பு?

வாசகர் ஒருவரின் கேள்வி: "அடுத்த மாதம் எங்கள் கட்சித் தலைவர் பேசும் பொதுக்கூட்டம். திறந்தவெளித் திடல். ஒரு பக்கம் மூன்று மாடிக் கட்டடங்கள் இரண்டு, மேடைக்குப் பின்னால் பழைய கிடங்கு. பாதுகாப்பு ஒருங்கிணைப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். 'வெளியே நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், உள்ளே உங்கள் ஆட்களை வைத்துச் சமாளியுங்கள்' என்கிறது போலீஸ். தலைவருக்கு இரண்டு தனிப் பாதுகாவலர்கள் உண்டு. நான்கு மெட்டல் டிடெக்டர் வாயில்களை வாடகைக்குப் பேசிவிட்டோம். மைக் முன்னால் குண்டு துளைக்காத கண்ணாடி வைக்கலாமா என்று ஒருவர் கேட்கிறார். அமெரிக்காவில் அத்தனை படை இருந்தும் ட்ரம்ப் கூட்டத்தில் கோட்டை விட்டார்களே! எங்களைப் போன்றவர்கள் எதைப் பார்க்க வேண்டும்?"

உங்கள் கடிதத்தில் என் கண் போய் நின்ற இடம் போலீஸ் சொன்ன அந்த வரி: வெளியே நாங்கள், உள்ளே நீங்கள். கேட்பதற்கு ஒழுங்கான ஏற்பாடு போலத்தான் இருக்கிறது. ஆனால் திடலுக்குப் போய், அந்தக் கிடங்கு வெளியேயா உள்ளேயா என்று நான்கு பேரைக் கேட்டுப் பாருங்கள். இரண்டு பதிலாவது வரும். திறந்தவெளியில் தலைவர்கள் தாக்கப்பட்ட சம்பவங்களின் விசாரணை அறிக்கைகளைப் படித்தால், ஆள் போதவில்லை என்பதைவிட அதிகமாக எதிர்ப்படுவது இந்தக் குழப்பம்தான். அந்த இடம் அவர் பொறுப்பு என்று இவரும், இவர் பொறுப்பு என்று அவரும் நினைத்திருப்பார்கள்.

நீங்கள் சொன்ன ட்ரம்ப் கூட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 2024 ஜூலை 13, பென்சில்வேனியா மாநிலம் பட்லர் அருகே ஒரு விவசாயக் கண்காட்சித் திடல். மேடையிலிருந்து ஏறக்குறைய 130 மீட்டரில், வேலிக்கு வெளியே, ஒரு தொழிற்கூடக் கட்டடம். அதை உள்ளூர் போலீஸ் பார்த்துக்கொள்ளும் என்று சீக்ரெட் சர்வீஸ், அதாவது தலைவர்களைக் காக்கும் அமெரிக்க அரசின் பாதுகாப்புப் படை, விட்டுவிட்டது. உள்ளூர் போலீஸின் ஸ்னைப்பர்களோ (தூரத்திலிருந்து குறிபார்த்துச் சுடுபவர்கள்) அந்தக் கட்டட வளாகத்துக்குள்ளேயே, மாடி ஜன்னலோரம் இருந்தார்கள். கூட்டத்தைக் கண்காணிப்பதுதான் தங்கள் வேலை என்பது அவர்கள் கணக்கு. கூரையில் யாரும் இல்லை. 20 வயது இளைஞன் ஒருவன் துப்பாக்கியோடு அதில் ஏறி எட்டு முறை சுட்டான். ட்ரம்புக்குக் காதில் காயம். பார்வையாளர் ஒருவர் இறந்தார், இருவர் படுகாயமடைந்தார்கள். கூரை சரிவாக இருந்ததும் ஆளை ஏற்றாததற்கு ஒரு காரணம் என்று சீக்ரெட் சர்வீஸ் இயக்குநர் கிம்பர்லி சீட்டில் தொலைக்காட்சிப் பேட்டியில் சொன்னார். மேடைக்குப் பின்னால் அவருடைய ஸ்னைப்பர்கள் படுத்திருந்த கூரையும் சரிவுதான்! சம்பவம் நடந்து பத்தாம் நாள் அவர் பதவி விலகினார்.

இத்தனைக்கும் அந்தப் பக்கத்திலிருந்து மேடைக்குப் பார்வை விழுகிறது என்பது முன்கூட்டியே தெரிந்த சங்கதி. பெரிய பண்ணை வண்டிகளை நிறுத்தி மறைக்கும் யோசனைகூட இருந்தது. அது ஒழுங்காக நடக்கவில்லை. யார் கேட்டார்கள், யார் செய்திருக்க வேண்டும் என்பது விசாரணையில்தான் பேசுபொருளானது.

சரி, உங்கள் திடலுக்கு வருவோம். கூட்டம் நடக்கும் அதே நேரத்தில், வெளிச்சம் அப்படியே இருக்கும்போது, மைக் வைக்கப்போகும் இடத்தில் நின்று ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள். உங்கள் கண்ணுக்குப் படுகிற ஒவ்வொரு ஜன்னலுக்கும் மொட்டை மாடிக்கும் மேடை தெரியும். ஒரு வெள்ளைத்தாளில் கையாலேயே வரைபடம் போட்டு அத்தனையையும் குறியுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு ஆளின் பெயரும் தொலைபேசி எண்ணும் வேண்டும். "போலீஸ்" என்று எழுதாதீர்கள், "தொண்டர் அணி" என்றும் எழுதாதீர்கள். அப்படி எழுதிய இடம் காலியாகக் கிடக்கும். பிறகு அந்தத் தாளைப் போலீஸ் அதிகாரியின் மேசையில் வைத்து, பெயர் இல்லாத இடங்களைக் காட்டிக் கேளுங்கள். சில அதிகாரிகள் எரிச்சல்படுவார்கள். பரவாயில்லை.

ஆளே போட முடியாத இடம் இருந்தால் என்ன செய்வது? கட்டட உரிமையாளரிடம் பேசி மாடிக் கதவைப் பூட்டலாம். மேடையின் முகத்தைக் கொஞ்சம் திருப்பலாம். பெரிய பேனரோ லாரியோ நிறுத்திப் பார்வையை மறைக்கலாம். கிடங்கு மேடைக்குப் பின்னால் என்கிறீர்கள். மேடையின் பின்திரை எவ்வளவு உயரம் என்று பாருங்கள். பின்திரை குண்டைத் தடுக்காது, ஆனால் தலைவர் எங்கே நிற்கிறார் என்பதை மறைக்கும். அதுவே பெரிய உதவி.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு கூட்டத்தில், ஆம்புலன்ஸ் வெளியேற மேடைக்குப் பின்னால் ஒரு கேட். பட்டியலில் அழகாக "பின் கேட்: திடல் நிர்வாகம்" என்று இருந்தது. முந்தின நாள் மாலை நடந்து பார்க்கப் போனால், உள்ளங்கை அகலத்துக்குத் துருப்பிடித்த பூட்டு. சாவி போலீஸிடம் என்றார் குழுத் தலைவர். குழுவிடம்தான் என்றார் போலீஸ்காரர். காவலாளியோ, சாவி தொலைந்து இரண்டு வருடம் ஆகிறது என்று சாவகாசமாகச் சொன்னார். பூட்டை அறுத்தோம், புதுசு வாங்கினோம், சாவியைக் கயிற்றில் கோத்து ஒரு பையனின் கழுத்தில் தொங்கவிட்டோம். அன்றிலிருந்து பட்டியலில் "நிர்வாகம்" என்ற வார்த்தையைப் பார்த்தாலே எனக்கு அந்தப் பூட்டுதான் ஞாபகம் வருகிறது.

அப்புறம், மேடையின் பின்புறம். 2022 ஜூலை 8 அன்று ஜப்பானின் நாரா நகரில், ரயில் நிலையத்துக்கு எதிரே, சாலையில் தடுப்புக் கம்பிகளுக்கு நடுவே ஒரு சின்னத் திட்டில் நின்று முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே பேசிக்கொண்டிருந்தார். முதுகுக்குப் பின்னால் சாலை திறந்தே கிடந்தது, வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. காவலர்களின் கண் முன்னால் நின்ற கூட்டத்தின் மேல். சுட்டவன் பின்பக்கச் சாலையைக் கடந்து நடந்து வந்தான். முதல் குண்டு சுமார் 7 மீட்டரிலிருந்து. அது படவில்லை. சத்தம் எங்கிருந்து என்று எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். மூன்று வினாடிக்குள் இன்னும் நெருங்கி இரண்டாவது முறை சுட்டுவிட்டான். அந்த இரண்டு சத்தங்களுக்கு நடுவே அபேயைக் கீழே தள்ளியோ மறைத்தோ இருக்கலாம். யாரும் அவருக்குக் கையெட்டும் தூரத்தில் இல்லை.

அந்த ஏற்பாடு எப்படி உருவானது என்பது இன்னும் பாடம். அபே நாராவுக்கு வருவது முந்தின நாள்தான் முடிவானது. இரண்டு வாரத்துக்கு முன் அதே இடத்தில் அதே கட்சியின் இன்னொரு தலைவர் பேசியிருந்தார். ஒன்றும் ஆகவில்லை. அந்தத் திட்டத்தையே முன்மாதிரியாக எடுத்துக்கொண்டார்கள். "போன தடவை இப்படித்தான் செய்தோம், ஒரு பிரச்சினையும் வரவில்லையே" என்று உங்கள் குழுவிலும் ஒருவர் சொல்வார். போன தடவை யாரும் முயலவில்லை, அவ்வளவுதான்.

உங்களிடம் இரண்டு தனிப் பாதுகாவலர்கள் இருக்கிறார்கள் இல்லையா? இருவரில் ஒருவர் கூட்டம் முடியும்வரை பின்பக்கத்தைப் பார்த்தபடி நிற்க வேண்டும். பேச்சைக் கேட்டுத் திரும்பவோ கைதட்டவோ கூடாது. இன்னொருவர் தலைவரை எட்டிப் பிடிக்கும் தூரத்தில். இவர் மேடையில் இருப்பது படத்தில் நன்றாக வராது என்று புகைப்படக்காரர்கள் சொல்வார்கள். அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள்.

அடுத்தது, பார்த்தவன் வாயிலிருந்து மேடை வரைக்கும் செய்தி போகும் வழி. பட்லரில் அந்த இளைஞனை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். மாலை 5 மணியை ஒட்டியே அவன் சந்தேகத்துக்கு ஆளாகிவிட்டான். தூரம் அளக்கும் கருவியோடு அவன் நிற்பதை உள்ளூர் போலீஸார் கண்டார்கள், படம் எடுத்துக் கைப்பேசியில் தங்களுக்குள் அனுப்பிக்கொண்டார்கள். சந்தேக நபர் ஒருவன் சுற்றுகிறான் என்ற தகவல் சீக்ரெட் சர்வீஸுக்கும் போய்ச் சேர்ந்தது. ட்ரம்ப் பேசத் தொடங்கியது 6.03-க்கு. துப்பாக்கி வெடித்தது 6.11-க்கு. கூரையில் ஆள் இருக்கிறான், கையில் துப்பாக்கி என்று கடைசி அரை நிமிடத்தில் உள்ளூர் வாக்கி-டாக்கியில் ஒலித்தது, ட்ரம்ப் பக்கத்தில் இருந்தவர்கள் காதுக்கு எட்டவில்லை. இரு தரப்புக்கும் தனித்தனிக் கட்டுப்பாட்டு அறை, தனித்தனி அலைவரிசை. சீக்ரெட் சர்வீஸ் ஸ்னைப்பர்களுக்கென்று உள்ளூர்க்காரர்கள் எடுத்து வைத்திருந்த வாக்கி-டாக்கிகளைக்கூட யாரும் வந்து வாங்கவில்லை. என்னைக் கேட்டால், கூரையைவிட இதுதான் பெரிய தவறு. கூரையை மறந்தது ஒரு முறை. தகவலை மேடை வரை கொண்டு சேர்க்காமல் விட்டது ஒரு மணி நேரம்.

அதனால் ஒரே மேசை போடுங்கள். அதில் ஒரு போலீஸ்காரர், உங்கள் ஆள் ஒருவர், தலைவரின் பாதுகாவலர் தரப்பிலிருந்து ஒருவர், மருத்துவக் குழுவிலிருந்து ஒருவர், தோளோடு தோள் உட்கார வேண்டும். கைப்பேசியை நம்பாதீர்கள். கூட்டம் சேரச் சேர நெட்வொர்க் திணறும். வாடகைக்கு வாக்கி-டாக்கி எடுத்தால் ஒன்றை அந்தப் போலீஸ்காரர் கையிலும் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போட்டவர் அதை மேசை இழுப்பறையில் விட்டுப் போகமாட்டார்.

மேசையைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. "நிறுத்து" என்று சொல்ல யாருக்கு அதிகாரம்? இதை எழுதி முடிவு செய்யாத கூட்டத்தில், சந்தேகம் வந்தவர் தன் மேலாளரைத் தேடுவார், மேலாளர் மாவட்டத் தலைவரைத் தேடுவார், அவர் மேடையில் உட்கார்ந்து மாலையைச் சரிசெய்துகொண்டிருப்பார். ஒரே ஒருவரை நியமியுங்கள். அவர் ஒரு குறிச்சொல் சொன்னால், காரணம் கேட்காமல், தலைவர் காரிலேயே இருக்க வேண்டும், அல்லது மேடையை விட்டு இறங்க வேண்டும். தலைவரிடமும் இதை முன்பே சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். மேடையேறிய தலைவரை இறக்குவது பெரும்பாடு. ஏறாமல் பத்து நிமிடம் காரில் உட்கார வைப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை. பட்லரில், சீக்ரெட் சர்வீஸுக்குத் தகவல் போய்ச் சேர்ந்த 5.50-க்கும் ட்ரம்ப் பேசத் தொடங்கிய 6.03-க்கும் நடுவே அந்தப் பத்து நிமிடம் கையில் இருந்தது.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். உங்கள் ஏற்பாட்டை உடைக்கப்போவது பெரும்பாலும் உங்கள் கட்சிக்காரர்கள்தான். 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்திக்கு மாலை போடுபவர்களின் பட்டியல் ஒன்று இருந்தது. மனித வெடிகுண்டாக வந்த தணுவின் பெயர் அதில் இல்லை. ஆனால் கையில் சந்தன மாலையோடு வரிசையில் நின்றாள். பெண் போலீஸ் ஒருவர் தடுக்கப் பார்த்தார். எல்லோரும் வரட்டும், விடுங்கள் என்ற பொருளில் ராஜீவ் காந்தியே சொன்னார் என்று அந்தப் போலீஸ்காரர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். பாதுகாப்புக் குறைகளை விசாரித்த நீதிபதி வர்மா ஆணையம் பல தரப்பிலும் குறை கண்டது. நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: அங்கே செய்யப்பட்டிருந்த ஏற்பாட்டை உள்ளூர்க் கட்சியினரே குலைத்தார்கள் என்றது ஆணையம்.

ஆகவே வாழ்த்துச் சொல்ல வருபவர்களின் பட்டியலை முந்தின நாள் இரவோடு மூடுங்கள். மூடிய பிறகு வரும் பெயர், யார் சிபாரிசாக இருந்தாலும், அடுத்த கூட்டத்துக்கு. பட்டியலில் உள்ள ஒவ்வொருவரையும் நேரில் தெரிந்த ஒருவர் வரிசை முனையில் நின்று முகம் பார்த்து அனுப்ப வேண்டும். பாஸ் மட்டும் போதாது, பாஸ் கைமாறும். மாலை, பூங்கொத்து, மனு, பரிசு எல்லாம் ஒரு மேசையில் வாங்கிச் சோதித்த பிறகே மேடைக்கு. வரிசையில் நிற்பவர்களைச் சோதித்த பிறகு நடுவில் யாரும் நுழைய முடியாதபடி இருபுறமும் தடுப்பு. சண்டை வரும். உங்கள் மேல் கோபித்துக்கொண்டு ஒரு பிரமுகர் கூட்டத்தைப் புறக்கணிக்கக்கூடும். அதற்குத் தயாராக இருங்கள்.

மெட்டல் டிடெக்டர் வாயில்கள் நல்லவைதான், ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவருக்குப் பத்து வினாடி என்று வைத்தால் ஒரு வாயிலில் மணிக்கு 360 பேர், நான்கிலும் சேர்த்து 1,440. பையைத் திறந்து பார்த்தால் இன்னும் குறையும். 10,000 பேர் வந்தால் ஏழு மணி நேரம். கூட்டம் முண்டியடிக்கும்போது யாரோ ஒரு தொண்டர் பக்கத்துத் தடுப்பை நகர்த்தி வழிவிடுவார், அத்தோடு நான்கு வாயிலும் வெறும் அலங்காரம். எல்லோரையும் சோதிக்க முடியாவிட்டால் மேடைக்கு அருகில் உள்ள பகுதியைத் தனியாகத் தடுத்து அங்கே நுழைபவர்களையாவது ஒருவர் விடாமல் சோதியுங்கள். ஒலி ஒளி அமைப்பவர்கள், பந்தல்காரர்கள், கேமராக்காரர்கள், தலைவரின் கூட வருபவர்கள் எல்லோரும் அதில் அடக்கம். 1981-ல் அமெரிக்க அதிபர் ரொனால்ட் ரீகன் சுடப்பட்டது, சோதிக்கப்படாமல் செய்தியாளர்களோடு ஓட்டல் வாசலில் நின்ற ஒருவனால். ஆறு குண்டுகள், இரண்டு வினாடிக்குள்.

அந்தச் சம்பவம் காட்டும் இன்னொன்று: ஆபத்து அதிகம் இருப்பது காருக்கும் மேடைக்கும் நடுவே உள்ள சில அடிகளில். ரீகன் கூட்டத்தை முடித்துக் காருக்குப் போகும் வழியில் சுடப்பட்டார். இஸ்ரேல் பிரதமர் இட்ஸாக் ராபின் 1995 நவம்பர் 4 அன்று டெல் அவிவில் பெரிய பேரணி முடிந்து படியிறங்கிக் காருக்கு வரும்போது சுடப்பட்டார். கொலையாளி கார் நிறுத்துமிடத்தில் வெகு நேரம் சாவகாசமாகக் காத்திருந்தான், அவனை யாரோ ஒரு ஓட்டுநர் என்று காவலர்கள் நினைத்துக்கொண்டார்கள். ஸ்லோவாக்கியப் பிரதமர் ராபர்ட் ஃபிட்சோ 2024 மே 15 அன்று தடுப்புக்கு அப்பால் நின்றவர்களிடம் கைகுலுக்கப் போனபோது. கூட்டம் முடிந்ததும் எல்லோரும் தளர்ந்துவிடுவார்கள், சோதனை வாயிலில் நின்றவர்கள் டீ குடிக்கப் போய்விடுவார்கள். தலைவரின் கார் திடலை விட்டுப் போகும் வரை ஒருவரும் இடத்தை விட்டு நகரக்கூடாது என்று சொல்லிவையுங்கள். கார் நிறுத்தும் இடத்தில் நிற்கும் ஒவ்வொரு ஓட்டுநரின் முகமும் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

துப்பாக்கியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். கூட்டமே ஆளைக் கொல்லும் என்பதையும் மறக்கவேண்டாம். 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் விஜய்யின் கூட்டத்தில் நெரிசலில் 41 பேர் இறந்தார்கள். மதியத்திலிருந்து காத்திருந்த கூட்டம், தலைவர் வந்து சேர்ந்தபோது இருட்டிவிட்டது. ஒரு சதுர மீட்டரில் நான்கு பேர் வரை சமாளிக்கலாம், ஐந்தைத் தாண்டினால் கூட்டம் தன்னிச்சையாக அலைபோல் அசையத் தொடங்கும், யாராலும் நிறுத்த முடியாது. அறிவித்த நேரத்துக்குத் தலைவரைக் கொண்டுவருவதும் பாதுகாப்பு வேலைதான். மருத்துவமனைக்குப் போகும் வழி கூட்டத்துக்குள் புகாமல் இருக்கட்டும். எந்த மருத்துவமனை, எந்தப் பாதை என்பது ஓட்டுநருக்கும் பாதுகாவலருக்கும் காகிதம் பார்க்காமல் தெரிய வேண்டும். ரீகனை வெள்ளை மாளிகைக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்த பாதுகாவலர் ஜெர்ரி பார், அவர் வாயில் ரத்தத்தைப் பார்த்ததும் காரை மருத்துவமனைக்குத் திருப்பச் சொன்னார். அந்த முடிவுதான் உயிரைக் காத்தது.

கடைசியாகக் கண்ணாடி. பட்லருக்குப் பிறகு ட்ரம்பின் முதல் திறந்தவெளிக் கூட்டம் 2024 ஆகஸ்ட் 21 அன்று வட கரோலினாவின் ஆஷ்பரோவில் நடந்தது. அவரைச் சுற்றிக் குண்டு துளைக்காத கண்ணாடிகள் நிறுத்தியிருந்தார்கள். பேச்சின் நடுவே கூட்டத்தில் ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போக, ட்ரம்ப் கண்ணாடியை விட்டு வெளியே வந்து அவரிடம் போனார். உங்கள் தலைவர் எப்படி? மேடையின் விளிம்புக்கு வந்து கையசைப்பவரா, குனிந்து கைகுலுக்குபவரா, மைக்கைக் கழற்றிக்கொண்டு நடப்பவரா? கண்ணாடிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் அவருடைய ஓட்டுநரிடம் கேளுங்கள், உண்மையைச் சொல்வார். நடப்பவர் என்றால் அந்தப் பணத்தில் வாக்கி-டாக்கியும் கிடங்குக் கூரைக்கு ஒரு ஆளும் ஏற்பாடு செய்யுங்கள்.